ஹைட்ரஜன் கார் ஓடும், பங்க் ஓடுமா?

ஹைட்ரஜன் காரில் என்ன குறை என்று கேட்டால், கார் என்கிற அளவில் பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். டொயோட்டா மிராய் 2014 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 2020 இறுதியில் வந்த அதன் இரண்டாம் தலைமுறை, 5.6 கிலோ ஹைட்ரஜனில் அமெரிக்க அரசின் சோதனைக் கணக்குப்படி 640 கிலோமீட்டருக்குமேல் ஓடுகிறது. 2018-இல் வந்த ஹூண்டாய் நெக்ஸோ 6.33 கிலோவில் 600 கிலோமீட்டர் தொடுகிறது. சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம், சத்தமில்லை, புகைக்குழாயில் தண்ணீர் மட்டும் சொட்டும். இவ்வளவும் இருந்தும், பேட்டரி கார்கள் ஆண்டுக்கு ஒரு கோடியை எட்டிவிட்ட இதே காலத்தில் ஹைட்ரஜன் கார்களின் ஆண்டு விற்பனை ஆயிரங்களிலேயே நிற்கிறது.

காரணத்தைக் காருக்குள் தேடினால் கிடைக்காது. அது ஹைட்ரஜன் நிரப்பும் பங்கில் இருக்கிறது. ஒரு ஹைட்ரஜன் பங்க் எத்தனை கிலோ விற்றால் பிழைக்கும், அந்தக் கிலோக்களை முதல் நாளிலிருந்தே யார் வாங்குவார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் விடை தெரியாமல் வண்டியை விற்கப் போனதுதான் இதுவரை நடந்த பெரும்பாலான முயற்சிகளின் கதை. அதை விளக்க வேண்டுமென்றால் முதலில் வண்டிக்குள் போய்விட்டு வர வேண்டும், ஏனென்றால் பங்கின் செலவுகள் பலவும் வண்டியின் தேவைகளிலிருந்தே பிறக்கின்றன.

வண்டிக்குள்

ஃபியூயல் செல் ஸ்டாக் என்பது, ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் மெல்லிய செல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கிய கட்டு. மிராயில் 330 செல்கள். சுமை ஏறும்போது ஒரு செல் 0.6 முதல் 0.7 வோல்ட்தான் தரும், அதனால்தான் இத்தனை அடுக்கு. ஸ்டாக்கின் உச்சத்திறன் 128 கிலோவாட். கூடவே 1.24 கிலோவாட் மணி கொண்ட சின்ன லித்தியம் பேட்டரி ஒன்று உண்டு. பிரேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைக்கும் மின்சாரத்தைப் பிடித்துவைப்பது அதன் ஒரு வேலை. ஸ்டாக்கின் மீது திடீர் ஏற்ற இறக்கம் விழாமல் தாங்கிக்கொள்வது இன்னொரு வேலை, வண்டியின் ஆயுளைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம். வோல்டேஜ் ஏறி ஏறி இறங்கினால் செல்லுக்குள் வினையைத் தூண்டும் பிளாட்டினம் துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து பருத்து, வேலை செய்யும் பரப்பு குறைந்துபோகும்.

செல்லின் நடுவில், ஹைட்ரஜன் பக்கத்தையும் காற்றுப் பக்கத்தையும் பிரித்து நிற்கும் சவ்வு ஈரமாக இருந்தால்தான் புரோட்டான்களைக் கடத்தும். காய்ந்தால் மின்தடை ஏறும், நாளடைவில் வெடிப்பும் விழும். ஈரம் மிஞ்சினால் வாயு போகும் நுண்பாதைகளில் தண்ணீர் தேங்கி அந்தச் செல் பட்டினி கிடக்கும். 330 செல்களில் ஒன்று பட்டினி கிடந்தாலும் மொத்தக் கட்டும் அந்த ஒன்றின் அளவுக்கு இறங்கித்தான் ஓட வேண்டும், ஏனென்றால் எல்லாம் தொடரிணைப்பில் இருக்கின்றன. உறைபனி விழும் ஊர்களில் தேங்கிய தண்ணீர் பனிக்கட்டியாகும் ஆபத்தும் சேரும். மிராயில் தண்ணீரை வெளியேற்றுவதற்கென்றே தனி பொத்தான் இருக்கிறது. வண்டி நிறுத்தும் இடம் நனையக்கூடாது என்றால் உள்ளே நுழையும் முன் அதை அழுத்திவிடலாம்.

வண்டியை நெடுநேரம் நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி கிளப்பும் கணமும் ஸ்டாக்குக்குக் கெட்ட நேரம். நின்றிருந்த பொழுதில் ஹைட்ரஜன் பக்கத்துக்குள் காற்று கசிந்திருக்கும். புதிதாக வரும் ஹைட்ரஜன் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு போகும் சில நொடிகளில், எதிர்ப்பக்கத்தில் பிளாட்டினத்தைத் தாங்கும் கார்பன் அரிக்கப்படுகிறது. ஆகவே நிறுத்தும்போதும் கிளப்பும்போதும் வாயுவை எந்த வரிசையில் விடுவது என்பதற்கு உற்பத்தியாளர்கள் நிறைய உழைத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டியின் ஸ்டாக், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று கிளம்பும் வண்டியின் ஸ்டாக்கைவிட நீடிப்பது இதனால்தான். பின்னால் தொழில் மாதிரி பேசும்போது இது மறுபடி வரும்.

அடுத்தது சூடு. பெட்ரோல் எஞ்சின் தன் கழிவு வெப்பத்தில் பெரும்பங்கைப் புகையோடு வெளியே அனுப்பிவிடும். ஃபியூயல் செல் 80 டிகிரி செல்சியஸை ஒட்டி வேலை செய்வதால், கழிவு வெப்பம் ஏறக்குறைய எல்லாமே குளிர்விக்கும் நீர் வழியாக ரேடியேட்டருக்குத்தான் வர வேண்டும். வெளியே 40 டிகிரி வெயில் என்றால் கைவசம் இருக்கும் வெப்ப வித்தியாசமே 40 டிகிரிதான். வண்டியின் முகப்பில் காற்று நுழையும் வாய் அவ்வளவு பெரிதாக இருப்பதற்கும், சுமையோடு நீண்ட மலையேற்றத்தில் திறன் குறைவதற்கும் இதுவே காரணம். அந்தக் குளிர்விப்பு நீர் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தமுள்ள செல்களுக்கு நடுவே ஓடுகிறது. அது மின்சாரம் கடத்தக் கூடாது. அதற்காக அயனிகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு, குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். சாதாரண கூலன்ட்டை ஊற்றிவிட்டால் இன்சுலேஷன் பழுது என்று எச்சரிக்கை எழும்.

டேங்க் தனி அதிசயம். 700 பார், அதாவது காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 700 மடங்கு அழுத்தத்தில்கூட ஒரு லிட்டர் இடத்தில் 40 கிராம் ஹைட்ரஜன்தான் அடங்கும். உள்ளே பிளாஸ்டிக் உறை, மேலே கார்பன் ஃபைபர் சுற்று. 5.6 கிலோ வாயுவைச் சுமக்க டேங்க் மட்டும் 90 கிலோவை ஒட்டி வருகிறது. இந்த அழுத்தத்தைத் தாங்க உருளை வடிவம் கட்டாயம், ஆகவே பேட்டரியைப் போலத் தரைக்கு அடியில் தட்டையாகப் பரப்ப முடியாது. மிராயின் உட்புற இடம் வெளி நீளத்தைப் பார்த்தால் குறைவாகத் தோன்றுவதற்கு மூன்று உருளைகளை ஒளித்துவைக்க வேண்டியிருப்பதுதான் காரணம். தீ விபத்தில் சுமார் 110 டிகிரியில் உருகித் திறக்கும் பாதுகாப்பு வால்வு ஒவ்வொரு டேங்கிலும் உண்டு. வாயு ஒரே திசையில் சீறி வெளியேறிவிடும், டேங்க் வெடிக்காது.

நாசிலை மாட்டியதும் நடப்பவை

‘ஐந்து நிமிடத்தில் நிரப்பலாம்’ என்ற வாக்கியத்தைத் தாங்கிப் பிடிக்க ஒரு சிறு தொழிற்சாலையே தேவைப்படுகிறது.

சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பாகம் சுடும். டேங்கிலும் அதுதான் நடக்கிறது, உள்ளே நெருங்கும் வாயு சூடாகும். டேங்கின் உட்புறம் 85 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது விதி, பிளாஸ்டிக் உறையும் பிசினும் அதற்குமேல் தாங்கா. ஆகவே வேகமாக நிரப்ப வேண்டுமென்றால் வாயுவை முன்கூட்டியே மைனஸ் 33 முதல் மைனஸ் 40 டிகிரி வரை குளிர்வித்து அனுப்ப வேண்டும். நாசிலிலும் வண்டியின் வாயிலும் அகச்சிவப்புக் கண்கள் இருக்கின்றன. டேங்கின் வெப்பம், அழுத்தம், கொள்ளளவு ஆகியவற்றை வண்டி சொல்லச் சொல்ல, பங்கின் கருவி அழுத்தத்தை ஏற்றும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அந்தக் கண்ணில் அழுக்குப் படிந்து பேச்சு அறுந்தால் கருவி எச்சரிக்கையாகி முழுதாக நிரப்பாமல் நிறுத்திக்கொள்ளும்.

பங்கில் வாயு மூன்று அடுக்கு அழுத்தத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். முதலில் தாழ்ந்த அழுத்தத் தொட்டியிலிருந்து விடுவார்கள், வண்டியின் டேங்கில் அழுத்தம் ஏற ஏற நடுத்தொட்டிக்கும், கடைசியில் 900 பாரை ஒட்டிய உச்சத் தொட்டிக்கும் மாறுவார்கள். முதல் வண்டி வந்தால் உண்மையாகவே ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடும். அடுத்தடுத்து நான்கைந்து வண்டிகள் வந்தால் உச்சத் தொட்டியின் அழுத்தம் இறங்கிவிடும். கம்ப்ரசர் அதை மறுபடி ஏற்றிவைக்கும் வரை காத்திருக்க வேண்டும், அல்லது அரை டேங்கோடு போக வேண்டும். காற்றில் ஈரம் அதிகமான நாட்களில் இன்னொரு தொல்லை. மைனஸ் 40 டிகிரி வாயு போன நாசிலின் மேல் பனி படிந்து, வண்டியின் வாயோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் வராது, இழுக்கவும் கூடாது. உருகும் வரை பொறுத்திருப்பதுதான் வழி. இதைத் தடுக்க நாசிலைச் சுற்றி உலர்ந்த நைட்ரஜனை ஊதும் ஏற்பாடு உண்டு, அதுவும் ஒரு செலவு.

பங்குகள் மூடிக்கிடப்பதற்கு முக்கியக் காரணம் கம்ப்ரசர், குளிர்விப்பான், நாசில்–குழாய் ஆகிய மூன்றும்தான். 900 பாரில் சீல்கள் தேயும், மெல்லிய உலோகத் தகடு அசைந்து அழுத்தும் வகைக் கம்ப்ரசர்களில் தகடு வெடிக்கும். நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் இன்னும் சீக்கிரம் பழுதாகும். வண்டி குறைவாக வரும் பங்கில்தான் இவை நிறுத்தி நிறுத்தி ஓடுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். சாதாரண எஃகை இங்கே பயன்படுத்த முடியாது. ஹைட்ரஜன் அணு உலோகத்துக்குள் புகுந்து அதை நொறுங்கக்கூடியதாக்கிவிடும் என்பதால் நிக்கல் மிகுந்த 316எல் வகை எஃகு வேண்டும். ஒவ்வொரு சேர்ப்பையும் குறித்த முறுக்குவிசையில் இறுக்க வேண்டும். 2019 ஜூன் 10 அன்று நார்வேயின் சாண்ட்விகாவில் ஒரு பங்க் வெடித்தது. உயர் அழுத்தத் தொட்டியின் அடைப்பான் ஒன்று பொருத்தும்போதே சரியாக இறுக்கப்படாததால் வாயு கசிந்ததுதான் காரணம் என விசாரணையில் தெரிந்தது. கார்களில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் நிரப்ப இடமில்லாமல் போனதால் டொயோட்டாவும் ஹூண்டாயும் அங்கே விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தின.

மின்சாரக் கணக்கு

இதைப் பலரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ ஹைட்ரஜனில் பயன்படும் ஆற்றல் 33.3 கிலோவாட் மணி. தண்ணீரைப் பிரித்து அதை எடுக்க 50 முதல் 55 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும். அழுத்தவும் குளிர்விக்கவும் இன்னொரு ஐந்து சேர்த்தால் 60. ஒரு கிலோவில் கார் சுமார் 100 கிலோமீட்டர் ஓடும். அதே தூரத்துக்குப் பேட்டரி கார் கேட்பது 18 கிலோவாட் மணி. அதாவது மூன்று மடங்கு மின்சாரம். எந்த நிறுவனம் எத்தனை திறமையாகச் செய்தாலும் இந்த இடைவெளி குறையும், மறையாது.

மாசுக் கணக்கும் அப்படியே. இன்று உலகில் விற்கும் ஹைட்ரஜனில் பெரும்பங்கு இயற்கை எரிவாயுவிலிருந்து எடுப்பது. அப்படி எடுத்தால் கிலோவுக்கு 9 முதல் 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். காருக்குக் கணக்கிட்டால் கிலோமீட்டருக்கு 90 முதல் 100 கிராம், நல்ல ஹைபிரிட் காரின் அளவுக்குச் சமம். நிலக்கரி மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்தால் இதைப்போல் ஐந்து மடங்கு. ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்று சொல்லாமல் ‘தண்ணீர் மட்டுமே வெளியேறும்’ என்று விளம்பரம் செய்வது நேர்மையில்லை.

சூரிய மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் நேரத்தில் மட்டும் ஓட்டலாமே என்பார்கள். யூனிட் 3 சென்ட்டில் கிடைத்தால் மின்சாரச் செலவு கிலோவுக்கு ஒன்றரை டாலரைக் கொஞ்சம் தாண்டும், உண்மைதான். ஆனால் ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரமே ஓடும் எலக்ட்ரோலைசரின் (தண்ணீரைப் பிரிக்கும் இயந்திரம்) முதலீட்டை அந்த ஐந்தாறு மணி நேர உற்பத்தியே சுமக்க வேண்டும். மின்சாரத்தில் மிச்சம் பிடித்தது இயந்திரத்தின் வட்டியில் போய்விடும்.

பங்கின் வரவு செலவு

வாயுவைப் பங்குக்குக் கொண்டுவருவதே பெரும்பாடு. 200 பார் அழுத்தத்தில் எஃகு உருளைகளை ஏற்றிய 40 டன் லாரி கொண்டுவருவது 300 கிலோ ஹைட்ரஜன், அறுபது கார்களுக்குப் போதும். அதே அளவு லாரி கொண்டுவரும் பெட்ரோல் 700 கார்களுக்குமேல் நிரப்பும். கார்பன் ஃபைபர் உருளைகளில் 500 பாரில் கொண்டுவந்தால் ஒரு டன் வரை வரும். மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கினால் மூன்றரை டன்னுக்குமேல் ஏற்றலாம். திரவமாக்கவே கிலோவுக்குப் பத்து கிலோவாட் மணிக்குமேல் செலவாகும், விற்காமல் கிடந்தால் ஆவியாகிப் போய்விடும். பிஎம்டபிள்யூ 2006-இல் திரவ ஹைட்ரஜனை எரிக்கும் எஞ்சினோடு ‘ஹைட்ரஜன் 7’ என நூறு கார்கள் செய்து பார்த்தது. நிறுத்தி வைத்த காரின் பாதி டேங்க் ஒன்பது நாளில் காலியாகிவிடும்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 500 கிலோ விற்கக்கூடிய பங்க். முதலீடு 25 லட்சம் டாலர் என்று வைப்போம், பத்து ஆண்டில் எடுக்க வேண்டும். வட்டியை விட்டுவிட்டாலும் ஆண்டுக்கு இரண்டரை லட்சம். பராமரிப்பு, ஆள், இடம் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம். ஆக, ஒரு கிலோகூட விற்காவிட்டாலும் ஆண்டுக்கு நாலரை லட்சம் டாலர் செலவு நிற்கும்.

முழுக் கொள்ளளவும் விற்றால் ஆண்டுக்கு 1,82,500 கிலோ. கிலோவுக்கு இரண்டரை டாலர் பங்கின் செலவு. 70 சதவீதம் விற்றால் மூன்றரை. 20 சதவீதம் விற்றால் 12 டாலருக்குமேல். 10 சதவீதம் என்றால் ஏறக்குறைய 25 டாலர். இது பங்கின் நிலைச்செலவு மட்டும், வாயுவின் விலையும் லாரி வாடகையும் தனி. அவற்றுக்கு 8 டாலர் வைத்தால், 20 சதவீதம் ஓடும் பங்க் 20 டாலருக்கு விற்றால்தான் கையைக் கடிக்காமல் இருக்கும்.

எத்தனை கார்கள் வேண்டும்? ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் கார் 150 கிலோ வாங்கும், நாளுக்கு 400 கிராம். பங்க் 70 சதவீதம் ஓட வேண்டுமானால் ஏறக்குறைய 850 கார்கள் அந்த ஒரே பங்கை நம்பி இருக்க வேண்டும். 20 சதவீதத்துக்கே 240 கார்கள்.

வாங்குபவர் பக்கம் அளவுகோல் எளிது. ஒரு கிலோ ஹைட்ரஜனில் ஓடும் தூரத்தை ஹைபிரிட் கார் ஐந்து லிட்டருக்குள் ஓடிவிடும். பெட்ரோல் லிட்டர் ஒரு டாலர் என்றால் ஹைட்ரஜன் கிலோ ஐந்து டாலருக்குக் கிடைத்தால்தான் சமம். வீட்டில் சார்ஜ் செய்யும் பேட்டரி காரோடு ஒப்பிட்டால் அதிலும் பாதிதான்.

விலையைவிடப் பிடிவாதமான சிக்கல் ஒன்று இருக்கிறது. பங்க் பிழைக்க வேண்டுமென்றால் நிறைய கார்கள் ஒரே இடத்துக்கு வர வேண்டும். கார்க்காரர் பிழைக்க வேண்டுமென்றால் ஒரு பங்க் பழுதானால் போக அருகிலேயே இரண்டாவது பங்க் வேண்டும், ஏனென்றால் வீட்டில் நிரப்பவோ கேனில் வாங்கிவரவோ வழியே இல்லை. இரண்டாவது பங்க் வந்த அன்றே முதல் பங்கின் விற்பனை பாதியாகும். பேட்டரி காரில் இந்த முட்டுக்கட்டை எழவில்லை. ஒரு கார் வந்தால் ஒரு பிளக் பாயின்ட் போதும், பத்து வந்தால் பத்து. ஹைட்ரஜனில் மிகச் சிறிய தொடக்கமே பல லட்சம் டாலர்.

இதுவரை யார் பணம் போட்டார்கள்

ஜப்பானில் 2014-இல் இவாதானி நிறுவனம் கிலோ 1,100 யென் என்று விலை வைத்தது. அடக்கவிலையைப் பார்த்து வைத்த விலையன்று அது. ஹைபிரிட் காரின் பெட்ரோல் செலவுக்குச் சமமாக வர வேண்டும் என்று பார்த்து வைத்தது. கார்கள் பெருகினால் அடக்கவிலை அந்த இடத்துக்கு இறங்கி வந்துவிடும் என்ற நம்பிக்கை. 2020-க்குள் 40,000 கார்கள் என்று அரசு இலக்கு வைத்தது, வந்தது சில ஆயிரம். நம்பிக்கையில் வைத்த விலை நிற்காமல் பின்னால் ஏற்றப்பட்டது. தென்கொரியா வாகன மானியத்தைத் தாராளமாக அள்ளிக் கொடுத்ததால் நெக்ஸோ 30,000-க்குமேல் விற்றது. அங்கேயும் ஹைட்ரஜன் தரும் ஆலை ஒன்றில் பழுது வந்தால் பங்குகளில் வரிசை நீள்கிறது.

கலிபோர்னியாவின் ஏற்பாடு இன்னும் நுட்பமானது. அங்கே மூன்று கைகள் சேர்ந்து தாங்கின. பங்க் கட்ட மாநில அரசு மானியம் தந்தது. கார் நிறுவனங்கள் வண்டியோடு 15,000 டாலர் மதிப்புள்ள எரிபொருள் அட்டையைக் கொடுத்தன. குறைகார்பன் எரிபொருள் திட்டத்தின்கீழ், 2019 முதல், பங்க் விற்காத கொள்ளளவுக்கும் சேர்த்துக் கார்பன் கிரெடிட், அதாவது மாசு குறைத்ததற்கான விற்கத்தக்க சான்று, கிடைத்தது. காலியாக நிற்கும் பங்குக்குச் சம்பளம் கொடுக்கும் இந்தக் கடைசி ஏற்பாடு, முந்தைய கணக்கில் பார்த்த ஓட்டையை நேராக அடைக்க முயன்ற திட்டம். அதற்காக அதைப் பாராட்டுகிறேன். ஆனால் சம்பளம் பணமாக வரவில்லை, சந்தையில் விற்கும் கிரெடிட்டாக வந்தது. 200 டாலரை ஒட்டியிருந்த கிரெடிட்டின் விலை சில ஆண்டுகளில் 70-களுக்கு இறங்கியது. பங்குக்குக் கிரெடிட்டால் வந்த வருமானம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றானது.

விளைவு உடனே தெரிந்தது. கிலோ 16 டாலர் சுற்றி இருந்த விலை 2023-இல் 36 டாலர் வரை போனது. 15,000 டாலர் அட்டையை இப்போது பாருங்கள். 16 டாலர் விலையில் அது 94,000 கிலோமீட்டருக்கு வரும், 36 டாலரில் 42,000-க்குக்கூட வராது. அட்டை தீர்ந்த பிறகு நூறு கிலோமீட்டருக்கு 36 டாலர் கொடுத்து ஓட்ட யார் இருப்பார்கள்? புதிதில் 50,000 டாலரை ஒட்டிய மிராய், சில ஆண்டு ஓடியபின் 10,000 டாலருக்குக் கீழே விளம்பரத்தில் வருவதற்கு வண்டியின் தரத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. 2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் அங்கே கார்களுக்கான தன் ஹைட்ரஜன் பங்குகளை மூடியது. டென்மார்க்கில் எவர்ஃபியூயல் நிறுவனம் 2023-இல் தன் பங்குகளை மூடியது. ஹோண்டா 2021-இல் தன் கிளாரிட்டி ஹைட்ரஜன் காரை நிறுத்தியது, கார் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் 2025 ஜூலையில் ஹைட்ரஜன் வாகனத் திட்டத்தையே கைவிட்டது. மறுபக்கம், பிஎம்டபிள்யூ டொயோட்டாவோடு சேர்ந்து 2028-இல் ஒரு ஹைட்ரஜன் காரைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவருவதாக அறிவித்திருக்கிறது.

எரிபொருள் அட்டையில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. ஓட்டுபவர் விலையைப் பார்ப்பதே இல்லை, அட்டையைத் தேய்த்துவிட்டுப் போகிறார். விலையை இறக்க வேண்டும் என்ற நெருக்கடி பங்க் நடத்துபவருக்கு எந்தப் பக்கமிருந்தும் வருவதில்லை. அட்டை தீரும்போதுதான் சந்தை முதன்முறையாக உண்மை விலையைச் சந்திக்கிறது.

ஓடும் மாதிரிகள்

ஹைட்ரஜன் வாகனத் தொழில் உண்மையில் வேரூன்றிய இடம் கிடங்குகள். அமெரிக்கக் கிடங்குகளில் சரக்கைத் தூக்கி நகர்த்தும் ஃபியூயல் செல் ஃபோர்க்லிஃப்டுகள் ஐம்பதாயிரத்துக்குமேல் போய்க்கொண்டிருக்கின்றன. அமேசான், வால்மார்ட் இரண்டும் ஃபியூயல் செல் செய்யும் பிளக் பவர் நிறுவனத்தோடு 2017-இல் ஒப்பந்தம் போட்டன. காரணங்கள் தெளிவானவை. ஈய அமிலப் பேட்டரி எட்டு மணி நேரம் சார்ஜ் ஏற வேண்டும், இன்னும் சில மணி நேரம் ஆற வேண்டும், மூன்று ஷிப்ட் ஓடும் கிடங்கில் ஒரு வண்டிக்கு இரண்டு மூன்று பேட்டரி வாங்கி மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கொரு தனி அறை, தூக்க ஒரு கருவி, ஓர் ஆள். ஹைட்ரஜன் இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும். 350 பார் போதும். எல்லா வண்டிகளும் ஒரே கூரையின்கீழ் இருப்பதால் பங்க் திறந்த நாளே நிறைந்துவிடுகிறது. லித்தியம் பேட்டரி மலிவாக மலிவாக இந்த வித்தியாசமும் குறைந்துவருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து சுவிட்சர்லாந்தின் லாரிகள். 2020 இறுதியில் ஹூண்டாய் அங்கே எக்ஸியன்ட் ஹைட்ரஜன் லாரிகளை இறக்கியபோது விற்கவில்லை, ஓடும் கிலோமீட்டருக்கு வாடகையாகக் கொடுத்தது. லாரி, ஹைட்ரஜன், பராமரிப்பு, காப்பீடு எல்லாம் அந்த வாடகைக்குள். வாங்குபவர் தலையில் தொழில்நுட்ப அபாயம் ஏறவில்லை. இதைவிட முக்கியமானது வரி. அங்கே கனரக லாரிகள் ஒவ்வொரு டன்–கிலோமீட்டருக்கும் 2 ராப்பனுக்குமேல் (பிராங்க்கில் நூறில் ஒன்று ராப்பன்) வரி கட்ட வேண்டும், 34 டன் லாரிக்குக் கிலோமீட்டருக்கு முக்கால் பிராங்க்குமேல் வரும். புகை விடாத லாரிக்கு அது இல்லை. நூறு கிலோமீட்டரில் மிஞ்சும் 75 பிராங்க்கை அந்த லாரி குடிக்கும் எட்டு கிலோ ஹைட்ரஜனால் வகுத்தால், கிலோவுக்கு ஒன்பது பிராங்க்குமேல் வரிச்சலுகையாகவே கிடைக்கிறது. கோஸ்கன் நீர்மின் நிலையத்தில் 2 மெகாவாட் எலக்ட்ரோலைசர் வைத்து ஹைட்ரஜன் எடுத்தார்கள். சில டஜன் லாரிகள், ஆனால் ஒவ்வொன்றும் நாளுக்கு 20 முதல் 30 கிலோ வாங்கும். பங்கின் பார்வையில் ஒரு லாரி ஐம்பது கார்களுக்குமேல் சமம். வரிச்சலுகையோ மலிவு மின்சாரமோ போனால் இந்தக் கணக்கும் ஆடும்.

இந்த இரண்டையும் காருக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் டாக்சிதான் ஒரே வழியாக எனக்குத் தோன்றுகிறது. நாளுக்கு 300 கிலோமீட்டர் ஓடும் டாக்சி மூன்று கிலோ வாங்கும், சொந்தக் காரைப்போல் ஏழு மடங்கு. நூறு டாக்சிகள் ஒரே ஷெட்டிலிருந்து கிளம்பினால் 300 கிலோ, அந்த 500 கிலோ பங்க் 60 சதவீதம் நிறைந்துவிடும். நெடுநேரம் தொடர்ந்து ஓடுவதால் ஸ்டாக்கும் நீடிக்கும். ஆனால் அதே டாக்சி மதியச் சாப்பாட்டு நேரத்தில் விரைவு சார்ஜரில் நின்றால் பேட்டரியும் போதும் என்ற நிலை வந்துவிட்டது. கடுங்குளிரிலும், மின் இணைப்பை வலுப்படுத்தப் பல ஆண்டு காத்திருக்க வேண்டிய இடங்களிலும் மட்டுமே ஹைட்ரஜன் டாக்சிக்கு வாய்ப்பு இருக்கிறது என்பது என் கணிப்பு. பிளக்கில் மாட்டிச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளவும் முடிகிற ஹோண்டா சிஆர்-வி ஹைட்ரஜன் கார், 17.7 கிலோவாட் மணி பேட்டரியோடு 2024-இல் வந்தது. பங்க் மூடிக்கிடந்தால் அன்றாட ஓட்டத்துக்கு ஒரு வழி வைத்த நல்ல வடிவமைப்பு. பங்கின் விற்பனையை அது இன்னும் குறைக்கும் என்பது வேறு.

பணம் போடும் முன்

பழைய ஹைட்ரஜன் காரை மலிவாக வாங்க நினைப்பவர் முதலில் எரிபொருள் மூடியைத் திறந்து உள்ளே ஒட்டியிருக்கும் தேதியைப் பார்க்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பின் நிரப்பக் கூடாது என்று எழுதியிருக்கும். பொதுவாக டேங்க் செய்த நாளிலிருந்து 15 ஆண்டு. பிறகு கூலன்ட் வடிகட்டியும் காற்று வடிகட்டியும் எப்போது மாற்றப்பட்டன என்று கேட்க வேண்டும். காற்று வடிகட்டி தூசிக்கு மட்டுமின்றி கந்தக வாயுக்களையும் அம்மோனியாவையும் பிடிக்கும் வகை, மலிவான மாற்று போட்டிருந்தால் ஸ்டாக்கில் நஞ்சேறியிருக்கலாம். கடைசியாக, அருகிலுள்ள இரண்டு பங்குகள் கடந்த மூன்று மாதத்தில் எத்தனை நாள் திறந்திருந்தன என்று அங்கே நிரப்புபவர்களிடமே கேளுங்கள்.

ஹைட்ரஜன் பங்கிலோ, ஒரே உரிமையாளரின் டாக்சிகள், லாரிகள் போன்ற வாகனக் கூட்டத்திலோ முதலீடு செய்பவர் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை விரல் வைத்துப் படிக்க வேண்டும். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நாளுக்கு இத்தனை கிலோவுக்குப் பணம் தருவேன் என்று வாகனக் கூட்டத்தின் உரிமையாளர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்பது முதலாவது. பங்க் பழுதான நாட்களில் ஹைட்ரஜனை யார், எங்கிருந்து, எந்த விலைக்குக் கொண்டுவருவார் என்பது இரண்டாவது. மூன்றாவதைப் பலரும் பார்ப்பதே இல்லை, அது தூய்மை. வாகன ஹைட்ரஜன் 99.97 சதவீதம் தூய்மையாக இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு 0.2 பி.பி.எம்-ஐயும் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது ஒரு பி.பி.எம்) கந்தகம் 0.004 பி.பி.எம்-ஐயும் தாண்டக் கூடாது. இந்த அளவு கந்தகத்தைப் பங்கில் நின்றபடி உடனுக்குடன் அளக்கும் மலிவுக் கருவி இல்லை. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், முடிவு வர நாட்கள் ஆகும். அதற்குள் அந்தத் தொட்டியிலிருந்து நூற்றுக்கணக்கான வண்டிகள் நிரப்பிக்கொண்டு போயிருக்கும். கார்பன் மோனாக்சைடின் பாதிப்பு சுத்தமான வாயு ஓடினால் பெரும்பாலும் மீளும், கந்தகத்தின் பாதிப்பு எளிதில் மீளாது. அப்படி ஒரு லோடு கெட்டுவந்தால் ஸ்டாக்குகளுக்கான பணத்தை வாயு தந்தவர் கொடுப்பாரா, லாரிக்காரரா, பங்க் நடத்துபவரா என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். மாதிரிக் குப்பியை யார் முன்னிலையில் முத்திரையிட்டு எத்தனை நாள் வைத்திருப்பது என்பதும்.